வியாழக்கிழமைச் சம்பந்திகள்

ஜனவரி 7, செவ்வாய்

இன்று காலை ஏழு பத்துக்கு, பதினோரு ஆண்டு விசுவாசத்தை முறித்துக்கொண்டு, இனி குடை பிடிப்பதில்லை என்று தீர்மானித்தேன். பெர்கன் நகரத்தில் மழை மேலிருந்து பெய்வதில்லை. பக்கவாட்டில் வருகிறது, சில நாள் கீழிருந்தும். ஊரிலிருந்து கொண்டுவந்தவை, இங்கே வாங்கியவை, கம்பெனி இலவசமாகக் கொடுத்தவை என்று இதுவரை பதினேழு குடைகளை நார்வே நாட்டுக் காற்றுக்குக் கொடுத்திருக்கிறேன். பதினேழாவது குடை இன்று பேருந்து நிறுத்தத்தில் மேல்நோக்கி விரிந்து, கையை விட்டுக் கடல் பக்கம் போயிற்று. மாலையில் மஞ்சள் நிற மழைக்கோட்டு ஒன்று வாங்கினேன். நாற்பத்து மூன்று வயதில் இது சிறிய மாற்றமல்ல. பதிவு செய்யப்பட வேண்டும் என்று இந்தக் குறிப்பேட்டையும் சேர்த்து வாங்கினேன்.

மற்றபடி, விவாகரத்து மனுவுக்கான காகிதங்களை இன்று ஊருக்கு அனுப்பினேன்.

சிவசைலம் இந்த மழை தாங்காமல் ஆறு வருடம் முன்பு மஸ்கட்டுக்கு வேலை மாற்றிக்கொண்டு போனார். நான் போகவில்லை. வா என்று அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. எங்களுக்குள் சண்டை என்று ஒன்று நடக்க யாராவது ஒருவர் விமானம் ஏறியிருக்க வேண்டும், யாரும் ஏறவில்லை. போன தீபாவளிக்கு, ‘பரஸ்பர சம்மதத்தில் பிரிந்துவிடலாமா?’ என்று செய்தி அனுப்பினேன். ‘ஓகே’ என்று பதில் வந்தது. கல்யாணத்துக்கும் அவர் அதைத்தான் சொன்னார்.

இங்கேயே ஒரு படிவம் நிரப்பிப் பிரிந்துவிடலாம். ஆனால் அது ஊரில் செல்லுமா என்று மூன்று வக்கீல்களைக் கேட்டேன். ஒருவர் செல்லும் என்றார், ஒருவர் செல்லாது என்றார், ஒருவர் செல்ல வைக்கலாம் என்றார். மூன்றாமவர் சொன்னது பயமாக இருந்ததால், ஊரிலேயே வழக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்து அவரையே அமர்த்திக்கொண்டோம். பெயர் எஸ்தர் ஜெபமணி, பாளையங்கோட்டை. நாங்கள் இருவரும் நீதிபதி முன் வீடியோவில் தோன்றினால் போதும், ஆனால் ஆளுக்கொரு பவர் ஏஜென்ட் கோர்ட்டில் நேரில் இருக்க வேண்டும். அவருக்கு அவருடைய அப்பா ஆறுமுகநயினார். எனக்கு என் அப்பா சங்கரலிங்கம். இரண்டு பெரியவர்களும் பதின்மூன்று ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை. அதனால் காரியம் சீக்கிரம் முடியும் என்று எஸ்தர் நம்பிக்கை தெரிவித்தார்.

மனுவுக்கான விவரங்களை நானே நிரப்பினேன். கல்யாணத் தேதியை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

அப்பா அழைத்தார்.

“ஏட்டி மதி, பவர் பத்திரம் வந்துச்சு. செல்லாது.”

“நோட்டரி கையெழுத்து, அரசாங்க முத்திரை எல்லாம் இருக்கேப்பா.”

“எல்லாம் இருக்கு. ரெண்டாம் பக்கத்துல உன் கையெழுத்து எங்க? முப்பத்தொரு வருஷம் பத்திர ஆபீஸ்ல இருந்திருக்கேன். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து இல்லாத ஒரு பத்திரம் என் மேசையத் தாண்டிப் போனதில்ல. சொந்த மவளுக்காவ தாண்டவிடச் சொல்லுதியா?”

“சரிப்பா.”

“அந்த ஆளு பத்திரமும் வந்திருக்காம். அதுல என்னென்ன ஓட்டை இருக்கோ. எனக்கென்ன.”

‘அந்த ஆளு’ என்பது மாமா, சிவசைலத்தின் அப்பா.

ஜனவரி 22, புதன்

மறுபடி நோட்டரி. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. பின்னட்டையிலும் ஒன்று போட்டு வைத்தேன். ஆர்னே காரில் கூட்டிப்போனார். நான் தர ஆய்வாளராக இருக்கும் மீன் தீவனக் கம்பெனியில் அவர் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். மழை என்பதால் காரில் போனோம்.

பிப்ரவரி 6, வியாழன்

மனு தாக்கலாயிற்று. சட்டப்படி மனம் மாற ஆறு மாத அவகாசம் தருவார்கள். ஆறு வருடமாகத் தனித்தனியே இருப்பதால் அந்த அவகாசம் வேண்டாம் என்று எஸ்தர் இன்னொரு மனுவும் போட்டிருக்கிறார். வியாழக்கிழமைதோறும்தான் எங்கள் வகை வழக்குகள் எடுக்கப்படுமாம்.

நகராட்சி மண்டபத்தில் ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு ஓர் அறை கிடைத்தது. எதற்கு என்று இந்தக் குறிப்பேடு கேட்கவில்லை. தீர்ப்பின் நகல் ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்குள் இங்குள்ள அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் அறை வேறொருவருக்குப் போய்விடும். அதற்கடுத்த காலி நாள் அடுத்த ஆண்டு மே மாதத்தில்தான்.

கிட்டத்தட்ட ஆறு மாதம் இருக்கிறது. தாராளம்.

பிப்ரவரி 20, வியாழன்

முதல் விசாரணை. எஸ்தர் தொலைபேசியில் விவரித்தார்.

“ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல இந்தக் கடைசியில ஒருத்தர், அந்தக் கடைசியில ஒருத்தர் மேடம். நடுவுல நாலு பேர் உக்காரலாம். யாருமே உக்காரல. அந்த எடத்தப் பாத்தாலே பயமா இருந்துச்சு.”

வழக்கு வாய்தா, மார்ச் 13-க்கு.

அந்தப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருப்பது இஞ்சிப் பச்சடி என்பது எஸ்தருக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து வைப்பார்கள். சொதி என்பது தேங்காய்ப் பாலில் காய்கறிகளை மிதக்க விடுவது. அது செரிக்க இஞ்சிப் பச்சடி கட்டாயம். எங்கள் சமையல்காரர் பன்னிரண்டு காய்கறிகளை நினைவில் வைத்துக்கொண்டு இஞ்சியை மறந்துவிட்டார். மாமா இலையிலிருந்து எழுந்தார். “வீட்ல ஒரு துண்டு இஞ்சிக்கு வக்கில்லையா?” என்றார். “ஒரு துண்டு இஞ்சிக்கு எந்திரிக்கிற வயிறு எனக்குத் தெரிஞ்சிருந்தா பொண்ணே குடுத்திருக்க மாட்டேன்” என்றார் அப்பா. இரண்டு வரிகள். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் இன்றுவரை அவற்றை வார்த்தை பிசகாமல் சொல்வார்கள். கல்யாணத்தைப் பற்றி யாருக்கும் ஒன்றும் நினைவில்லை.

மார்ச் 13, வியாழன்

நீதிபதி விடுப்பு. வாய்தா, ஏப்ரல் 10-க்கு.

“ஆனா ஒரு நல்ல விஷயம் மேடம்” என்றார் எஸ்தர். “எதிர்த்தாப்ல மெஸ்ல கூட்டம். ஒரே மேசைதான் காலி. ரெண்டு பேரும் உக்காந்தாங்க. எலையில இஞ்சித் தொவையல் வச்சாங்க. உங்க அப்பா தன் எலையில இருந்த தொவையல அப்படியே எடுத்து உங்க மாமா எலையில வச்சாரு. ‘இந்தாரும், பதிமூணு வருஷமா கேட்டீரே’ன்னாரு.”

“அவர் என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. தின்னுட்டாரு. அப்புறம் தயிர் சோத்துக்கு ‘இன்னும் கொஞ்சம் இருக்கா’ன்னு கேட்டாரு. உங்க அப்பா சிரிச்சு இன்னைக்குத்தான் பாத்தேன்.”

நல்ல விஷயம்தான் என்று நானும் நினைத்தேன். என் முன்யோசனையின் தரம் அப்படி.

மார்ச் 16, ஞாயிறு

அப்பா வாட்ஸாப்பில் ஒரு குழு தொடங்கியிருக்கிறார். பெயர்: ‘காந்திமதி சிவசைலம் வழக்கு’. உறுப்பினர் நால்வர். முகப்புப் படமாக எங்கள் கல்யாண போட்டோ. காலை ஆறு மணிக்கு மாமா ஒரு ரோஜாப் பூவும் ‘இந்நாள் இனிய நாள்’ வாசகமும் போட்டார். அப்பா முருகனைப் போட்டார். சிவசைலம் இரண்டுக்கும் கட்டைவிரல் உயர்த்தினார்.

ஏப்ரல் 10, வியாழன்

மாமாவுக்கு வயிறு சரியில்லை, கோர்ட்டுக்கு வரவில்லை. மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை என்பதால் வாய்தா ஜூன் 12-க்கு.

அப்பாவை அழைத்தேன். பின்னணியில் பேருந்து ஓடும் சத்தம்.

“எங்கப்பா போறீங்க?”

“வீரவநல்லூருக்கு. அத்தானுக்குக் கஞ்சி வச்சுத் தூக்கில எடுத்திட்டுப் போறேன். தனியா கிடக்காவல்லா.”

என் தரப்பு எதிர்த்தரப்புக்குக் கஞ்சி கொண்டுபோகிறது. ஜனவரியில் ‘அந்த ஆளு’, பிப்ரவரியில் ‘வீரவநல்லூரான்’, மார்ச்சில் ‘சம்பந்தி’, இன்று ‘அத்தான்’. முப்பத்தொரு வருட அரசுப் பணியில் அப்பாவுக்கு இரண்டே பதவி உயர்வு.

ஏப்ரல் 29, செவ்வாய்

மழைக்கோட்டு நன்றாக உழைக்கிறது. ஆர்னே சமையலறைக் குழாயைச் சரிசெய்தார். ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் இட்லிப் பொடி தூவிச் சாப்பிடுகிறார். தடுக்கவில்லை.

மே 17, சனி

இந்த நாட்டின் தேசிய நாள். விடுமுறை, ஊர்வலம், மழை. ஆர்னேயின் அப்பா இருக்கும் தீவுக்குப் படகில் போனோம். எண்பத்து மூன்று வயது. ஒன்பது ஆடுகள். ஒருவர் உட்காரும் மேசைக்கு எங்களுக்காக இரண்டு நாற்காலிகளைக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்து துடைத்துப் போட்டார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உன் அப்பா யாரோடு இருக்கிறார்? அம்மா போய் ஒன்பது வருடம், தனியாக இருக்கிறார் என்றேன். தலையசைத்துவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூன் 12, வியாழன்

அப்பா கோர்ட்டுக்குப் போகவில்லை. கண் டாக்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

“அது என்னப்பா, டாக்டர் வியாழக்கிழமைதான் பார்ப்பாரா?”

“அவரு எல்லா நாளும் பாப்பாரு. அத்தானுக்கு வியாழக்கிழமைதான் தோது. கூட வந்தாவ.”

“மாமா கோர்ட்டுலல்ல இருக்கணும்?”

“என்னைக் கொண்டு டாக்டர்ட்ட விட்டுட்டு அங்க போய் உக்காந்து, வாய்தா வாங்கிட்டு, திரும்பி வந்து என்னக் கூட்டிட்டுப் போனாவ. எவ்வளவு அலைச்சல் அவ்வோளுக்கு.”

வாய்தா, ஜூன் 26-க்கு. ‘வாய்தா’ என்றால் என்ன என்று ஆர்னே கேட்டார். சொன்னேன். பிற்பகல் கிடங்குக் கூட்டத்தில் அந்தச் சொல்லை அவர் பயன்படுத்தினார். எல்லோருக்கும் புரிந்தது.

ஜூன் 26, வியாழன்

இருவருக்கும் காய்ச்சல். வாய்தா, ஜூலை 10-க்கு.

“லெட்டர் குடுத்தனுப்பியிருக்காங்க மேடம்” என்றார் எஸ்தர். “ரெண்டு லெட்டர். ரெண்டு கையெழுத்து. ஆனா எழுதினது ஒரே ஆளு. எழுத்தெல்லாம் பத்திரம் மாதிரி அழகா இருக்கு.”

ஜூன் 27, வெள்ளி

காலை 6.04-க்கு மாமா குழுவில் ஒரு படம் போட்டார். ஐந்தருவி. அருவிக்குக் கீழே, இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய், அப்பாவும் மாமாவும் தோளில் கை போட்டபடி. கீழே ‘சீசன் அருமை. நேற்று எடுத்தது.’

6.06-க்குப் படம் நீக்கப்பட்டது. அதற்குள் சிவசைலம் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்.

ஜூன் 28, சனி

அப்பாவை அழைத்தேன்.

“குளிச்சது தப்பாட்டி?”

“காய்ச்சல்னு எழுதிக் குடுத்துட்டுக் குளிச்சா தப்புதாம்ப்பா.”

“குளிச்சப் பொறவு லேசா காய்ச்சல் அடிச்சுது. லெட்டர்ல இருக்கது பொய்னு சொல்ல முடியாது.”

“அஞ்சு மாசம் ஆச்சு. வயிறு, கண்ணு, காய்ச்சல். எதுக்குப்பா இந்த வாய்தா எல்லாம்?”

டிவி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதை அணைத்தார்.

“தீர்ப்பு வந்திட்டா அவரு எனக்கு யாருட்டி?”

கைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

“நீ சொல்லு. என்னன்னு சொல்லி அவ்வோ வீட்டுப் படி ஏறுவேன்? பஸ்ல பக்கத்துல இருக்கவன் இது யாருன்னு கேட்டா, இப்ப சம்பந்தின்னு சொல்லுதேன். நாளைக்கு? ‘முன்னாடி சம்பந்தி’ன்னா? அப்படி ஒரு உறவு உண்டா நம்மள்ல? பதிமூணு வருஷம் வீம்பு புடிச்சே ஓட்டியாச்சு. இப்பதான் ஒரு ஆளு கிடச்சிருக்கு, நான் சொல்லுதத ரெண்டாவது தடவையும் கேக்க. வியாழக்கிழமைன்னா சட்டைக்கு இஸ்திரி போடுதேன். மத்த நாள் எதுக்குப் போட?”

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

இருபது நிமிடம் கழித்து மறுபடி அழைத்தேன்.

“அப்பா, ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதிக்கு இங்க ஒரு மண்டபத்துல அறை எடுத்திருக்கேன்.”

“எதுக்கு?”

“கல்யாணத்துக்கு.”

“யாருக்கு?”

“எனக்கு.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை திரையைப் பார்த்தேன்.

“பேரென்ன?”

“ஆர்னே.”

“சைவமா?”

“மீன் சாப்பிடுவார்.”

“நீ மீனுக்குச் சோறு போடுத, அவன் அந்த மீனத் திங்கான். என்னமோ போ.” பிறகு, “அவருக்கு அப்பா இருக்காவளா?” என்றார்.

“இருக்காரு. எம்பத்தி மூணு வயசு. ஒரு தீவுல இருக்காரு. ஒம்பது ஆடு வச்சிருக்காரு.”

“கூட யாரு?”

“யாரும் இல்ல.”

“ம்.” டிவியை மறுபடி போடும் சத்தம். “சரி. பத்தாம் தேதி ரெண்டு பேரும் ஒம்பதரைக்கே போய் நிப்போம். இத மொதல்லயே சொல்லதுக்கென்ன? பத்திரத்துல எதையும் மறைக்கக் கூடாதுன்னு உனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்.”

ஜூலை 10, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது. ஆறு மாத அவகாசம் வேண்டாம் என்ற மனுவை விசாரித்து முடிக்க ஐந்து மாதம் நான்கு நாள் ஆயிற்று.

ஆய்வகத்தில் எல்லோரும் இருந்ததால் கிடங்கின் ஓரத்தில் நின்று, மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், வீடியோவில் சேர்ந்துகொண்டேன். திரை நான்காகப் பிரிந்திருந்தது. ஒன்றில் நீதிபதி. ஒன்றில் பெஞ்சு. அதில் இரண்டு இஸ்திரி போட்ட சட்டைகள், நடுவில் ஒரு டிபன் தூக்கு. ஒன்றில் நான், மஞ்சள் நிறத்தில். ஒன்றில் சிவசைலம். முன்பக்கம் முடி கொட்டியிருக்கிறது.

சேர்ந்து வாழ வாய்ப்பிருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றேன். சிவசைலத்தைக் கேட்டார். வழக்கம்போல ‘ஓகே’ என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சற்று நேரம் திரையைப் பார்த்தார். “இல்லைங்க ஐயா. மதி அங்க நல்லா இருக்கா” என்றார்.

ஆறு சொற்கள். ஒரே மூச்சில் அவர் இத்தனை பேசி நான் கேட்டதில்லை. கிடங்கில் தீவனத் தூசி அதிகம், கண் கரித்தது. காற்று வடிகட்டியை மாற்றச் சொல்லி ஆர்னேயிடம் புகார் எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 21, திங்கள்

சான்றிட்ட நகல் அப்பாவின் கைக்கு வந்துவிட்டது. கூரியரில் போட்டால் ஐந்து நாள். ஆகஸ்ட் 1-க்கு நிறைய நேரம் இருக்கிறது.

அப்பா அழைத்தார். குரல் பழைய பத்திர ஆபீஸ் குரல்.

“ஏட்டி மதி, உனக்கு என்னைக்குக் கல்யாணம் நடந்துச்சு?”

“செப்டம்பர் அஞ்சு.”

“அஞ்சாம் தேதி சொதிட்டி. கல்யாணம் நாலாந்தேதி.”

கையில் இருந்த மாதிரிக் குப்பியைக் கீழே வைத்தேன்.

“மனுவுல என்ன போட்டிருந்தியோ அதுதான் தீர்ப்புலயும் வந்திருக்கு. கல்யாணச் சான்றிதழ்ல நாலு. இதுல அஞ்சு. நடக்காத ஒரு கல்யாணத்த ரத்து பண்ணிட்டு வந்திருக்கோம்.”

ஆறு மாதத்தில் எஸ்தர் அதைப் படித்திருக்கிறார். நானும் சிவசைலமும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்த அப்பா பக்கத்துக்குப் பக்கம் புரட்டியிருக்கிறார். குழுவில் கேட்டேன். ‘நானும் அஞ்சுன்னுதான் நெனச்சேன்’ என்று சிவசைலம் எழுதினார். ‘எனக்கும் அஞ்சுதான் ஞாபகம்’ என்றார் மாமா. ‘நாலாம் தேதி என்ன செய்தோம்?’ என்றும் கேட்டிருந்தார்.

“அப்படியே அனுப்பிருங்கப்பா. ஒரு நாள்தானே வித்தியாசம்.”

“அனுப்பினா அங்க ஆபீஸ்ல உக்காந்திருக்கவன் சான்றிதழையும் தீர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பான். நானா இருந்தா பாப்பேன். திருப்பி அனுப்பிருவான். மறுபடி மொதல்லருந்து ஓடணும். திருத்த மனு போட்டிருக்கோம். ஆகஸ்ட் பதினாலு.”

அவர் சொன்னது சரி. இங்குள்ள அலுவலகத்தைக் கேட்டேன், அதையே சொன்னார்கள், இன்னும் மரியாதையாக. ஐந்து மாதமாக யார் யாரையோ நொந்துகொண்டிருந்தேன். தேதியை எழுதிய கை என்னுடையது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நகராட்சி மண்டபத்தை அழைத்தேன். அறை வேறொரு ஜோடிக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு மே 15, பிற்பகல் இரண்டு மணி. எழுதிக்கொண்டேன். ஆர்னேயிடம் சொன்னேன். “வாய்தா” என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தேதி திருத்தப்பட்டது. ஒரே வாய்தாவில், பதினொன்றரை மணிக்குள். எஸ்தர் சொன்னார்:

“புது நகல் அடுத்த வியாழக்கிழமை வரும் மேடம். என் குமாஸ்தாவே வாங்கிருவாருன்னு சொன்னேன். ரெண்டு பேரும் கேக்கல. நாங்களே வந்து வாங்கிக்கிறோம்ங்கிறாங்க. மெஸ்ல எடம் வேற சொல்லி வச்சிட்டாங்க.”

மாலையில் அப்பா.

“ஏட்டி, மே மாசம் அங்க குளிருமா?”

“குளிராது. மழை பெய்யும்.”

“அப்ப குடை எடுத்திட்டு வாரோம்.”

“குடை வேண்டாம்ப்பா.”

“அந்தத் தீவுக்காரருக்கு இஞ்சி ஒத்துக்கிடுமா? அத்தான் கேக்கச் சொன்னாவ.”

ஆகஸ்ட் 22, வெள்ளி

மழை. பிற்பகல் இரண்டு மணிக்கு நாற்பத்தோராவது தொகுதித் தீவனத்தைச் சோதித்தேன். ஈரப்பதம் எட்டு சதவீதம். ஐந்து மணிக்குக் கடைக்குப் போய் இரண்டு மழைக்கோட்டுகள் வாங்கினேன். பாளையங்கோட்டைக்கு நடுத்தர அளவு. வீரவநல்லூருக்குப் பெரியது.